கருப்பொருள் இழந்த ஞானம்: கல்கத்தா வழியே மேலைநாடு சென்ற கீழை மெய்யியல் நூல்கள்

முன்னுரை

கீழை நாடுகளின் மெய்யியலை மேலைநாட்டு வாசகருக்கு வாழ்வியல் அறிவுரையாக எடுத்துரைக்கும் நூல்கள் இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. ஜென், தாவோ, வேதாந்தம், யோகம் ஆகியவற்றிலிருந்து திரட்டிய சிறு சிறு வாசகங்களை அடுக்கி, மன அமைதிக்கு வழிகாட்டுவனவாக அவை அமைகின்றன. இவ்வகை நூல்கள் உருவான வரலாற்றில் இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகருக்குச் சிறப்பிடம் உண்டு. ஜப்பானியக் கலையறிஞர் ஒகாகுரா கக்குசோ, வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் ஆகிய இருவரும் மேலை வாசகரை முன்னிறுத்தி ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் இந்நகரின் அறிவுச் சூழலோடு பிணைந்தவை. அவற்றைத் தொல்காப்பியம் காட்டும் முதல், கரு, உரி என்னும் பகுப்பின் துணைகொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அம்மதிப்பீடு தமிழ் இலக்கியத்தைப் பிறமொழியினர்க்கு அறிமுகம் செய்யும் இன்றைய முயற்சிகளுக்கு உணர்த்துவது யாது என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

அளவுகோல்

அகப்பாடலின் பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுப்பது தொல்காப்பிய நெறி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என்பதால் உரிப்பொருளே தலைமை பெறுகிறது.

உரிப்பொருளே தலைமையுடையது எனின், அதனை மட்டும் பிரித்தெடுத்து வழங்குவதில் குற்றம் என்ன என்னும் வினா எழலாம். தலைமை என்பது தனிமை அன்று. குறிப்பாற் பொருளுணர்த்தும் உள்ளுறை கருப்பொருளையே நிலைக்களனாகக் கொண்டு பிறக்கிறது. கருப்பொருளை நீக்கிவிட்டால் உள்ளுறைக்கு இடமில்லை. எஞ்சுவது வெறும் கூற்றேயாகும். அகப்பாடலுக்கு வகுக்கப்பட்ட இப்பகுப்பை மெய்யியல் உரைநடைக்குப் பொருத்துவது அதன் எல்லையைச் சற்று விரிப்பதாகும். எனினும், ஒரு சிந்தனை எந்த இடத்தில், எந்தப் பொருள்களின் நடுவே, யாரிடம் சொல்லப்பட்டது என்பதை விடாது கேட்க இப்பகுப்பு துணைசெய்கிறது.

கல்கத்தாப் பின்புலம்

1893இல் சிகாகோவில் கூடிய சமயப் பேரவை, கீழை மெய்யியலின் மேலைப் பயணத்தில் ஒரு திருப்பமாகும். கல்கத்தாவைச் சேர்ந்த விவேகானந்தர் அதில் பேசினார்; அவர் செல்வதற்குப் பொருள் திரட்டியோருள் சென்னையின் அளசிங்கப் பெருமாள் முதன்மையானவர். ஜப்பானிய ஜென் துறவி ஷாகு சோயனும் அதே பேரவையில் கலந்துகொண்டார். அவருடைய மாணவரான டி.டி. சுசுகியே பிற்காலத்தில் ஆங்கில உலகுக்கு ஜென் நெறியை விரிவாக அறிமுகப்படுத்தியவர். எனவே, வேதாந்தமும் ஜென்னும் மேலைநாட்டில் ஒரே மேடையிலிருந்து தம் பயணத்தைத் தொடங்கின எனலாம்.

விவேகானந்தரைக் காணும் விருப்புடன் இந்தியா வந்த ஒகாகுரா, 1902இன் தொடக்கத்தில் பேலூர் மடத்தில் அவரைச் சந்தித்தார். இருவரும் புத்தகயைக்குச் சென்றனர். அவ்வாண்டு சூலை 4ஆம் நாள் விவேகானந்தர் மறைந்தார். கல்கத்தாவில் ஒகாகுராவுக்கு உறைவிடம் தந்தவர் இரவீந்திரரின் அண்ணன் மகனான சுரேந்திரநாத தாகூர். ஒகாகுராவின் 'கிழக்கின் இலட்சியங்கள்' என்னும் ஆங்கில நூல் 1903இல் இலண்டனில் வெளிவந்தது. அதன் கைப்படியைச் செப்பம் செய்து முன்னுரை எழுதியவர் அயர்லாந்தில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த சகோதரி நிவேதிதை. எழுதியவர் ஜப்பானியர், இடமளித்தவர் வங்காளி, முன்னுரைத்தவர் ஐரிஷ் பெண்மணி, வெளியிட்டது இலண்டன். 'கிழக்கு' என ஒரே சொல்லால் நாம் குறிப்பது இத்தகைய கூட்டு உழைப்பில் உருப்பெற்ற கருத்தாக்கம் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஒகாகுராவின் தேநீர் நூல்

1904 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் கலைக்கூடத்தில் பணியாற்றிய ஒகாகுரா, 1906இல் 'தேநீர் நூல்' எனப் பொருள்படும் 'தி புக் ஆஃப் டீ' என்பதை வெளியிட்டார். ஏழு இயல்கள் கொண்ட இச்சிறு நூல் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. ஜப்பானிய மொழிக்கு 1929இல்தான் பெயர்க்கப்பட்டது. மேலை வாசகருக்கென்றே எழுதப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆயினும், இந்நூல் அறிவுரைத் தொகுப்பாக அமையவில்லை. கட்டித் தேயிலையைக் காய்ச்சிய தாங் காலம், பொடியைக் கலக்கி நுரைத்த சோங் காலம், இலையை ஊறவைத்த மிங் காலம் எனத் தேநீரின் வரலாற்றைப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காலத்து மனநிலையைக் காட்டுவதாக நூல் விளக்குகிறது. தேநீர் மரபுகளைப் பேசும் இரண்டாம் இயல், தென்சீனத்து ஜென் துறவிகள் போதிதருமரின் உருவத்தின் முன் ஒரே கிண்ணத்தில் தேநீர் அருந்திய சடங்கிலிருந்தே தேநீர்ச் சடங்கு வளர்ந்தது என்கிறது. தேநீர் அறையின் நான்கரைப் பாய் அளவையும் பௌத்த சூத்திரக் கதை ஒன்றோடு நூல் இணைக்கிறது. கிண்ணம், நீர், பாய், மலர், தோட்டத்து வழி என்னும் கருப்பொருள்கள் இந்நூல் முழுதும் நிறைந்துள்ளன.

தேநீர்ச் சடங்கின் ஆசானான சென் நோ ரிக்யூ பற்றிய நிகழ்ச்சிகள் இதற்கு நல்ல சான்றுகள். தோட்டத்து வழியை மகன் துப்புரவாகப் பெருக்கி முடித்த பின்னர், ரிக்யூ ஒரு மரத்தை அசைத்துச் சில இலைகளை உதிர்க்கிறார். அவர் தோட்டத்தில் பூத்த காலைமலர்க் கொடிகளின் புகழ்கேட்டுத் தலைவன் ஹிதேயோஷி வரும் நாளில் தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. அறையினுள் ஒரே ஒரு மலர் மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. 'எளிமையே அழகு' என்று ஒருவர் இதனைச் சுருக்கிவிடலாம். ஆனால் அச்சுருக்கத்தில், அம்மலருக்காகப் பறித்தெறியப்பட்ட ஏனைய மலர்கள் இல்லை. அதிகாரம் படைத்த விருந்தினனும் இல்லை. அதே ஹிதேயோஷியின் ஆணையால் 1591இல் ரிக்யூ தம்முயிரைப் போக்கிக்கொண்ட நிகழ்ச்சியோடுதான் ஒகாகுரா நூலை முடிக்கிறார். தேநீரின் அமைதி வாளின் நிழலில் விளைந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. மேலை வாசகரை அவர் முகமலர்த்தவும் முயலவில்லை. ஜப்பான் அமைதிக் கலைகளில் ஈடுபட்டிருந்தபோது அதனைக் காட்டுமிராண்டி நாடு என்றவர்கள், மஞ்சூரியப் போர்க்களத்தில் கொலை புரியத் தொடங்கியதும் நாகரிக நாடு என்கின்றனரே என்று முதலியலிலேயே எள்ளுகிறார்.

எனினும், கருப்பொருளைக் காப்பது அறத்தையும் காப்பதாகாது. ஒகாகுராவே 1904இல் வெளியிட்ட 'ஜப்பானின் விழிப்பு' என்னும் நூலில் கொரியாவின்மீது ஜப்பான் கொள்ளும் மேலாண்மைக்கு நியாயம் கற்பித்தார். ஆகவே தேநீர் நூலின் சிறப்பை நூலாக்க முறையின் சிறப்பாகக் கொள்வதே பொருந்தும்.

இரவீந்திரரின் ஆங்கில நூல்கள்

இரவீந்திரரின் ஆங்கிலக் கீதாஞ்சலி 1912 நவம்பரில் இலண்டன் இந்தியா சங்கத்தால் 750 படிகளாக வெளியிடப்பட்டது. மறுவாண்டு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாண்டிலேயே வெளிவந்தது 'சாதனா'. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளை உள்ளடக்கிய எட்டுக் கட்டுரைகளின் தொகுப்பு அது. போல்பூரில் தம் மாணவரிடையே வங்கமொழியில் ஆற்றிய உரைகளின் கருத்துகளே இதில் அமைந்துள்ளன என்று இரவீந்திரர் முன்னுரையில் கூறுகிறார். செயலின் வழி மெய்மையை உணர்தல் பற்றிய கட்டுரையை வங்கத்திலிருந்து மொழிபெயர்த்தவர், ஒகாகுராவுக்கு உறைவிடம் தந்த சுரேந்திரநாதரே. ஒரே இல்லத்தின் வாயிலாக இருவேறு நூல்மரபுகள் மேலைநாட்டை நோக்கிச் சென்றமை நோக்கத்தக்கது.

மாணவர் முன் பேசியது அறிஞர் அவையில் பேசப்படும்போது கேட்போர் மாறுகின்றனர். கேட்போர் மாறவே பொருளும் பொதுமையை நாடுகிறது. 'சாதனா'வின் முதற்கட்டுரை, கிரேக்க நாகரிகம் நகரின் மதிலுக்குள் வளர்ந்தது எனவும், இந்திய நாகரிகம் காட்டில் பிறந்தது எனவும் முரண்படுத்திக் காட்டுகிறது. முதற்பொருளை அடிப்படையாகக் கொண்ட அழகிய வாதம் இது. ஆனால் ஒரு பெருநிலம் முழுமைக்கும் ஒரே திணையை உரியதாக்குகிறது. புத்தர் பேசிய இடங்களுள் இராசகிருகமும் சிராவத்தியும் நகரங்கள். மணிமேகலையின் துறவு வளர்ந்ததும் புகாரிலும் வஞ்சியிலும் காஞ்சியிலுமே. ஐந்திணை கற்ற தமிழ் வாசகர்க்கு இந்தியாவைக் காடு என்னும் ஒற்றை நிலமாகக் காண்பது இயலாது. மேலை வாசகர்க்கோ அது எளிதில் ஏற்புடையதாயிற்று.

மாற்றத்தைச் சொல்லளவில் காண்பதற்கு 1916இல் வெளிவந்த 'ஸ்ட்ரே பேர்ட்ஸ்' உதவுகிறது. 326 குறுவாசகங்கள் கொண்ட இந்நூலின் ஒருபகுதி, 1899இல் வெளியான 'கணிகா' என்னும் வங்கக் குறும்பாத் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. 'கணிகா'வில் உறவுமுறையை ஆராய்வதாகத் தலைப்பிட்ட நான்கடிப் பாடல் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் விளக்கு அகல்விளக்கை நோக்கி, என்னைத் தம்பி அண்ணன் என்று உறவு கூறினால் கழுத்தை நெரிப்பேன் என்கிறது. அவ்வேளையில் நிலவு எழ, அதே விளக்கு நிலவை அண்ணா வருக என அழைக்கிறது. ஆங்கிலத்தில் மண்ணெண்ணெய் விளக்கு கண்ணாடி விளக்காகிறது; கழுத்தை நெரிக்கும் மிரட்டல் கடிந்துரையாகத் தணிகிறது; அண்ணனாகிய நிலவு அன்புத் தங்கையாகிறது; தலைப்பு நீங்கி எண் மட்டுமே எஞ்சுகிறது.

மண்ணெண்ணெய் என்பது அயல்நாட்டிலிருந்து வந்து வங்கத்து வீடுகளில் புதுமையின் பெருமிதத்தோடு ஒளிர்ந்த பொருள். அகலோ பழைய வீட்டின் விளக்கு. புதிதாக உயர்ந்தோர் தம் எளிய சுற்றத்தை மறுத்து மேலோரிடம் உறவு கொண்டாடும் கல்கத்தாச் சமூகத்தின்மீது எறியப்பட்ட கேலி அப்பாடல். கருப்பொருள் மாறியதும் கேலி மழுங்கிப் பொதுவான நீதிமொழியாகிவிட்டது. உரிப்பொருள் காக்கப்பட்டதாகத் தோன்றினும், அதன் கூர்மை கருப்பொருளிலேயே இருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

இதனை இரவீந்திரரே உணர்ந்திருந்தார். தம் மொழிபெயர்ப்புகளில் இடர்ப்பாடுகளைத் தவிர்த்து, அவற்றை வழவழப்பாகவும் மெலிந்தனவாகவும் ஆக்கிவிட்டதை 1921இல் எட்வர்டு தாம்சனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒப்புக்கொண்டுள்ளார். கீதாஞ்சலிக்குப் புகழ்மிக்க முன்னுரை வழங்கிய யேட்ஸ், 1935இல் ரோத்தன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில் அவருடைய பிற்கால ஆங்கில நூல்களைக் கடுமையாகச் சாடினார். எளிமையாக்கலின்றி மேலை வாசகர் அணுகியிருக்கமாட்டார் என்பதும், கீதாஞ்சலி வங்க இலக்கியத்துக்கு உலக வாயிலைத் திறந்தது என்பதும் உண்மையே. ஆனால், அந்த எளிமையாக்கலே அவ்வாயில் விரைவில் குறுகியதற்கு ஒரு காரணமாயிற்று.

பாரதியின் வாசிப்பு

இதே காலத்தில் கல்கத்தாவிலிருந்து தமிழுக்கும் ஒரு வழி இருந்தது. இராமானந்த சட்டர்சி நடத்திய 'மாடர்ன் ரிவ்யூ' இதழைப் புதுச்சேரியில் இருந்த பாரதி படித்தார். அவ்விதழில் ஜப்பானியக் கவிஞர் யோனே நோகுச்சி எழுதியதை முன்வைத்து, 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். ஐக்கூ வடிவத்தைத் தமிழர்க்கு அறிமுகம் செய்த தொடக்கக் கட்டுரை என அது போற்றப்படுகிறது. அதன் திறனாய்வு நிலைப்பாடு அதே அளவு கவனம் பெறவில்லை.

நோகுச்சியும் மேலை வாசகர்க்காக ஆங்கிலத்தில் எழுதியவரே. ஐரோப்பியக் கவிதை சொல்மிகுதி உடையது, ஜப்பானியக் கவிதை சொற்சுருக்கம் உடையது என்னும் அவர் கருத்தைப் பாரதி மதிக்கிறார். ஆனால் வியந்து நின்றுவிடவில்லை. பதினேழு அசைப் பாடலுக்கு இணையாக நம்மிடம் குறள் வெண்பா இருப்பதை எண்ணுகிறார். அதே மூச்சில், கவிதை முற்றிலும் சுருங்கிப்போவதும் நன்றன்று என மறுக்கிறார். வீடு எரிந்துபோன கவிஞனின் பாடலை எடுத்துக்காட்டும்போதும், நெருப்புப் பற்றிய நிகழ்ச்சியைக் கூறியே பாடலின் பொருளை விளக்குகிறார். கூற்று நிகழ்ந்த சூழலைக் கூறாமல் பாட்டுக்குப் பொருள் காணாத நம் உரையாசிரியர் மரபு அவரிடம் இயல்பாகவே செயற்பட்டது எனலாம். பிறமொழிச் செல்வத்தைப் பெறுதல், தன் மரபோடு ஒப்பிடுதல், உடன்பாடில்லாத இடத்தில் மறுத்தல் என்னும் மூன்றும் அச்சிறு கட்டுரையில் அமைந்துள்ளன.

கருப்பொருள் நீங்கியதன் விளைவு

ஆசியா ஒன்றே என்னும் கருத்துடைய வாக்கியத்தோடு தொடங்குவது ஒகாகுராவின் 1903ஆம் ஆண்டு நூல். இந்திய, சீன, ஜப்பானியக் கலைப்பொருள்களின் வரலாற்றை விரித்துரைக்கும் நூலின் முகப்பு வாக்கியம் அது. 1930களிலும் 1940களிலும் அவ்வாக்கியம் நூலிலிருந்து பெயர்க்கப்பட்டு ஜப்பானியப் பேரரசின் முழக்கமாயிற்று. 1938இல் நோகுச்சி இரவீந்திரருக்கு எழுதிய மடலில், ஆசியா ஆசியருக்கே என்னும் பெயரால் சீனாவின்மீது ஜப்பான் தொடுத்த போரை ஆதரித்தார். கொலையின்மீது எழுப்பப்படும் ஆசிய ஒற்றுமையைத் தாம் ஏற்கவியலாது எனச் சாந்திநிகேதனிலிருந்து இரவீந்திரர் மறுமொழி விடுத்தார். 1916இல் ஜப்பானிலேயே நாட்டுவெறியை எதிர்த்துப் பேசியவருக்கு இம்மறுப்பு புதிதன்று. இடமும் பொருளும் இழந்த வாக்கியத்தை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.

தமிழாய்வுக்கு இதன் பொருத்தம்

ஜென் நெறியைச் சீனத்துக்குக் கொண்டுசென்ற போதிதருமர் தென்னிந்திய அரசன் ஒருவனின் மைந்தர் எனச் சீன மரபு கூறுவதைக் கொண்டு, ஜென் நம்முடையதே எனப் பெருமை பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவரைப் பாரசீகர் எனக் குறிக்கும் ஆறாம் நூற்றாண்டுச் சீன நூலும் உள்ளது. பிறப்பிடத்தை உரிமை கொண்டாடுவதைக் காட்டிலும், ஒரு சிந்தனை இடம்பெயரும்போது எதனை இழக்கிறது என ஆராய்வதே பயனுடையது.

நம் நூல்களே இன்று அவ்வாறு இடம்பெயர்கின்றன. 1730இல் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே எடுத்துக்கொண்டார், காமத்துப்பால் விடுபட்டது. நீதிநூல் என்னும் சட்டத்துக்குள் குறள் அடங்க நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு தொடக்கமாகும். கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாடலின் நிலை இன்னும் கருதத்தக்கது. 2019இல் ஐக்கிய நாடுகள் பேரவையிலும் எடுத்தாளப்பட்ட அதன் முதலடி, உலக உடன்பிறப்புணர்வின் முழக்கமாக உலகெங்கும் ஒலிக்கிறது. ஆனால் பாடல் அவ்வடியோடு முடிவதில்லை. வானம் மின்னித் தண்துளி பெய்ய, கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்று நீரின்வழிச் செல்லும் புணைபோல உயிர் முறைவழிச் செல்லும் என்கிறது. ஆகலின் பெரியோரை வியத்தலும் இலம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்று முடிக்கிறது. முதலடியின் பரந்த உறவு, ஆற்றில் செல்லும் புணையின் பணிவிலிருந்து பிறந்தது. ஆறும் கல்லும் புணையும் நீங்கினால் எஞ்சுவது விருந்தினரை வரவேற்கும் பலகை வாசகமே.

இதற்கு மாற்று இயலாததன்று. 1967இல் ஏ.கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, யார் யாரிடம் கூறியது என்னும் கூற்றுக் குறிப்பைத் தலைப்பாக அமைத்தார். திணைக் கோட்பாட்டைப் பின்னுரையில் விளக்கினார். குறிஞ்சியும் நெய்தலும் மேலை வாசகர்க்கு இடையூறாகவில்லை; அவர்களை ஈர்த்தவையே அவைதாம். ஒகாகுராவின் கிண்ணமும் இராமானுசனின் திணையும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. மேலை வாசகர்க்கு எழுதுவது தன்னளவில் குறையன்று. எதனை விட்டு எதனைக் கொண்டுசெல்கிறோம் என்பதிலேயே நூலின் தரம் அமைகிறது. ஒகாகுராவின் தேநீர் நூல் கருப்பொருளைக் கைவிடாமையால் நிலைபெற்றது. இரவீந்திரரின் ஆங்கிலக் குறுவாசகங்கள் அதனை இழந்தமையால் வங்க மூலத்தின் கூர்மையை இழந்தன. பெறுவோன் தன் மரபோடு ஒப்பிட்டு மறுக்கவும் வல்லவனாயின் அயற்சிந்தனை வளம் சேர்க்கும் என்பதற்குப் பாரதியின் கட்டுரை சான்றாகிறது.

தமிழ் நூல்களைப் பிறமொழிகளில் பெயர்க்கும் பணிகள் பல நிறுவனங்களில் நடைபெறும் இந்நாளில், மொழிபெயர்ப்போரும் தொகுப்போரும் ஒவ்வொரு பாடலுக்கும் கூற்று, நிலம், பொருள் ஆகியவற்றை உடன்தருதலைக் கடமையாகக் கொள்ள வேண்டும். அடிக்குறிப்பாகவோ தலைப்பாகவோ அவை அமையலாம். வாசகர் சற்று நின்று படிக்க நேரிடலாம்; அவ்வாறு நிற்கச் செய்வது அவர்தம் அறிவை மதிப்பதாகும். ஒற்றையடி முழக்கங்களாக நம் இலக்கியம் உலகை அடைவதைக் காட்டிலும், ஆற்றோடும் புணையோடும் சிலரையேனும் அடைவது மேல்.